சிவ சிவ என்று விக்கிய சீடி

ரிட்டயரான மறுநாள் காலை, யோகலிங்கத்தார் கட்டிலில் கிடந்தபடியே ஒரு பிரகடனம் செய்தார்.

"இண்டையிலயிருந்து இந்த வீட்டில என்னை ஆரும் எழுப்பக்கூடாது!"

அறையில் ஒருவரும் இருக்கவில்லை. இருந்திருந்தால் பிரகடனமும் இருந்திருக்காது.

லண்டனில் சிவப்பு பஸ் ஓட்டியே தலை வெளுத்தவர் அவர். பெல் அடித்தால் நிற்க வேண்டும் என்பது அவருடைய தொழில். வீட்டுக்கு வந்தால் பெல் அடிக்காமலே நிற்பார். அப்பேர்ப்பட்டவர் இனிமேல் சக்கரவர்த்தியாக வாழ்வது என்று முடிவெடுத்திருந்தார். படுக்கையில் தேத்தண்ணி. வெயில் ஏறியபிறகு புட்டும் முட்டைப்பொரியலும். மத்தியானம் நண்டுக் கறி. பிறகு ஒரு தூக்கம். அந்தத் தூக்கத்தின் களைப்புத் தீர இன்னொரு தூக்கம்.

கீழேயிருந்து மனைவி சிவமலரின் குரல் படியேறி வந்தது.

"இஞ்சேருங்கோ! இறங்கி வந்து தேத்தண்ணியைப் போடுங்கோ. எனக்கும் ஒண்டு. சீனி அரைக் கரண்டி."

சக்கரவர்த்தி தன் காதில்தான் கோளாறு என்று நினைத்தார். இறங்கி வந்து பார்த்தால், சிவமலர் முன்னறை சோபாவில் காலை நீட்டிக்கொண்டு போனில் சாறி பார்த்துக்கொண்டிருந்தா. குசினி இருட்டாகக் கிடந்தது, அடுப்பு மூட்டியிருக்கவில்லை.

"என்னப்பா, சுகமில்லையே?"

"நல்ல சுகம். இப்பிடியும் ஒரு சுகம் இருக்கெண்டு இவ்வளவு காலமும் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

"அப்ப ஏன் குசினிக்குள்ள லைற் எரியேல்லை?"

"போடுங்கோவன். சுவிச்சு இடப்பக்கம். இனி அது உங்கட டிப்போதானே."

"என்ர டிப்போவோ?"

"மறந்துபோனியளே? ரேடியோவில சொன்னனீங்கள்."

ரேடியோ என்ற சொல் விழுந்ததும் யோகலிங்கத்தார் படிப் பக்கமாக ரிவர்ஸ் கியர் போட்டார்.

கதை இதுதான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், லண்டனில் ஒரு தமிழ் ரேடியோ இருந்தது. இப்போது இல்லை; நல்ல விஷயங்கள் நிலைப்பதில்லை, கெட்ட விஷயங்கள் சீடியாகிவிடுகின்றன. அந்த ரேடியோவில் ஒருநாள் 'சிறந்த கணவர்' போட்டி. போனில் வந்து, மனைவிக்காக என்ன செய்வீர்கள் என்று சொல்ல வேண்டும். பரிசு ஒரு ரைஸ் குக்கர்.

வெஸ்ட் ஈலிங்கிலிருந்து ஒருவர், மனைவிக்குத் தினமும் கட்டிலில் கோப்பி கொடுப்பேன் என்றார். சவுத்தாலிலிருந்து இன்னொருவர், மனைவியின் காலை அமுக்கிவிடுவேன் என்றார். பஸ் கராஜில் சாப்பாட்டு நேரத்தில் போனைப் பிடித்துக்கொண்டிருந்த யோகலிங்கத்தாருக்கு, ரைஸ் குக்கர் ஈலிங் பக்கமாகப் போவது கண்ணுக்குத் தெரிந்தது. விடுவாரா? ரிட்டயரானபிறகு என்ன செய்வார் என்று ஒரு வாக்கு கொடுத்தார். அந்த நாளில் ரிட்டயர்மென்ட் என்பது நிலாவைவிடத் தூரத்தில் இருந்தது. நிலாவில் காணி எழுதிக் கொடுக்க யாருக்குத்தான் கை கூசும்?

ரைஸ் குக்கர் வந்தது. கூடவே நிகழ்ச்சியைப் பதிந்த சீடியும் வந்தது. குக்கர் இன்றைக்கும் வேலை செய்கிறது. ரேடியோக்காரர் செய்த பெரிய துரோகம் அந்தச் சீடிதான்.

"நான் 'உதவி செய்வன்' எண்டுதான் சொன்னனான். பொதுவா. எல்லாரும் சொல்லுறமாதிரி."

"முழுச் சமையலும் நானே எண்டு சொன்னனீங்கள்."

"சாட்சி?"

"கதைச்சதே நீங்கள்தான். சாட்சி என்னத்துக்கு?"

"இது லண்டன். சாட்சி இல்லாமல் இஞ்ச ஒண்டும் நடக்காது."

சிவமலர் எழும்பினா. ஷோகேஸில், பிரான்ஸ் மச்சாள் கொண்டுவந்த ஈபிள் கோபுரத்தைத் தூக்கினா. அதற்கு அடியில் அந்தச் சீடி. கலியாணம் கட்டிய புதிதில் வாங்கிய பாட்டுப் பெட்டியின் பூப்போட்ட துணியை விலக்கி, மேல்மூடியைத் திறந்து உள்ளே வைத்தா.

கரகரப்பு. பிறகு யோகலிங்கத்தாரின் பழைய குரல், கோயில் ஆண்டு விழாத் தலைவரின் தமிழில் வந்தது.

"நான் ஓய்வு பெறும் நாள் தொடக்கம், எனது மனைவி சிவ... சிவ... சிவ... சிவ... சிவ... சிவ..."

சீடிக்கு விக்கல். தண்ணி குடித்தாலும் நிற்காத விக்கல்.

யோகலிங்கத்தார் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். "பாத்தீரே! பக்திப் பதிவு. ஓய்வு பெற்ற நாள் தொடக்கம் நானும் மனுசியுமா சிவ சிவ எண்டு கோயிலோட இருப்பம் எண்டு சொல்லியிருக்கிறன். சமையலைப் பற்றி ஒரு சொல் இருக்கே?"

சிவமலர் மூடியைத் தட்டினா. சிவ சிவ. பெட்டியையே தட்டினா. சிவ சிவ சிவ. கடைசியில் சீடியை வெளியே எடுத்து, புருசனின் முகத்தையும் சீடியின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தா. இரண்டிலும் கீறல் இருந்தது. சீடியில் கொஞ்சம் குறைவு.

"சரி. அப்ப ஒரு ஒப்பந்தம். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு மேர்வினும் மனுசி மேரிறோஸும் சாப்பிட வருகினம். அவைக்கு முன்னால இதைப் போடுவம். சீடி துள்ளாமல் முழுக்கக் கதைச்சா, குசினி உங்களுக்கு. கதைக்காட்டி, நான் சாகுமட்டும் வாய் திறக்காமல் சமைக்கிறன்."

"வாய் திறக்காமலோ?" ஒப்பந்தத்தில் இந்த உபபிரிவுதான் அவருக்கு மிகவும் பிடித்தது.

"ஓம். ஆனா இதைத் திருத்தித் தர வேண்டியது நீங்கள்."

"நானோ?"

"வேற ஆர்? உந்தத் தெருவிலேயே பெரிய இஞ்சினியர் நீங்கள்தானே. ஆனா ஒண்டு. முறிஞ்சாலோ, துலைஞ்சாலோ, ஆணியால கீறின அடையாளம் இருந்தாலோ தீர்ப்பு எனக்குத்தான். மற்றபடி எந்த வைத்தியமும் செய்யலாம். தீர்ப்பு வருமட்டும் குசினிக்கு சீல்."

குற்றவாளியின் கையிலேயே சாட்சியைக் கொடுத்துவிட்டு அவ ஈஸ்ட்ஹாம் சாறிக்கடைக்கு வேலைக்குப் போனா. யோகலிங்கத்தாருக்கு மனைவியை நினைக்கப் பாவமாக இருந்தது. இவ்வளவு வெகுளியான பிறவியோடா இவ்வளவு காலம் குடும்பம் நடத்தினோம் என்று கண் கலங்கினார்.

பெரிய இஞ்சினியர் என்று சிவமலர் சும்மா சொல்லவில்லை. குசினி பைப் சொட்டுச் சொட்டாக ஒழுகியபோது திருத்தியவர் அவர்தான். அதன்பிறகு அந்தப் பைப்பைத் திறக்க வேண்டிய தேவையே வரவில்லை. கவுன்சில் வந்து தெருவில் தண்ணியை அடைக்கும்வரை அது தானாகவே ஓடியது. வாசல் பெல்லைத் திருத்தினார். அன்றிலிருந்து இங்கே அமத்தினால் பக்கத்து வீட்டில் அடிக்கும். பின்வளவு வேலி சரிந்து நின்றது. அதையும் திருத்தினார். இப்போது சரியவில்லை. நிலத்தில் நிம்மதியாகப் படுத்திருக்கிறது.

அந்தப் படுத்த வேலிக்கு அங்கால் இருப்பவர்தான் மேர்வின். ஜேர்மனியில் கனகாலம் இருந்துவிட்டு லண்டன் வந்தவர். வரும்போது சாமான் அதிகம் கொண்டுவரவில்லை, அபிப்பிராயங்களைத்தான் கொண்டுவந்தார். வேலி இல்லாதபடியால் இரண்டு பேரும் மனம் விட்டுக் கதைப்பார்கள்.

"மேர்வின், எனக்கொரு சீடியைக் கொல்லோணும். ஆனா பாக்கிற ஆக்களுக்கு வைத்தியம் பாத்தமாதிரி இருக்கோணும்."

விஷயம் முழுவதையும் கேட்ட மேர்வினின் முகம் வெளிறியது. "அண்ணை, இது உங்கட பிரச்சினை மட்டுமில்லை. நீங்கள் விழுந்தா அடுத்தது நான். மேரிறோஸ் இப்பவே என்ர ரிட்டயர் திகதியைக் கேக்கத் தொடங்கீற்றா."

"அதுதான் கேக்கிறன். வழி சொல்லும்."

"தண்ணி. ஜேர்மனியில நான் வேலை செய்த இடத்தில பெரிய போர்ட்டே போட்டிருந்தது. எலக்ட்ரிக் சாமானுக்குத் தண்ணி காட்டக்கூடாது."

"சீடி எலக்ட்ரிக் சாமானே?"

"எலக்ட்ரிக்கில ஓடுதே? ஓடுது. பேந்தென்ன?"

இந்தத் தர்க்கத்தை உடைக்க யோகலிங்கத்தாரால் ஏலவில்லை. உடனே போய், இளஞ்சூட்டுத் தண்ணியில் பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றி, சீடியை அதற்குள் முக்கி வைத்தார். செத்துப்போகட்டும் என்று பின்னேரம்வரை விட்டார். சிவமலர் வேலையால் வந்து எட்டிப் பார்த்தா.

"என்ன செய்யிறியள்?"

"குளிப்பாட்டுறன். ஊத்தையாலயும் துள்ளும்."

"நல்ல வேலை. கிச்சின் பேப்பரால துடையாதேங்கோ, இந்தாங்கோ உங்கட பழைய பெனியன். நல்ல மெத்து."

பாவம், இழவு வீட்டில் துவாய் எடுத்துக் கொடுக்கிறாள் என்று நினைத்தபடி ஒற்றியெடுத்தார். அவ மேலே போனதும் சத்தத்தைக் குறைத்துப் போட்டுப் பார்த்தார், பிரேதப் பரிசோதனைக்காக.

"...எனது மனைவி சிவமலர் குசினிக்குள்... குள்... குள்... குள்... குள்..."

யோகலிங்கத்தார் பாய்ந்து நிற்பாட்டினார். எத்தனை பிறந்தநாள்களில் எத்தனை பிள்ளைகள் கேசரி தின்ற விரலால் அந்தச் சீடியைத் தொட்டிருக்கும்! அவ்வளவு நெய்யும் இப்போது தண்ணியோடு போய்விட்டது. செத்துப்போக வேண்டியவன் குளித்து முழுகி இரண்டு சொல் கூடக் கதைக்கிறான்.

அன்றைக்கு இரவுச் சாப்பாடு கடைக் கொத்துரொட்டி. மத்தியானமும் கொத்து. குசினி சீல் அல்லவா? நெஞ்செரிவோடு சோபாவில் கிடந்தவருக்குச் சிவமலரின் புட்டும் மீன்குழம்பும் நினைவுக்கு வந்தன. ஒரு தோசையைத் திருப்பவும் தெரியாத தன் கையைத் தூக்கிப் பார்த்தார். இந்தக் கையால்தான் இனிக் காலம் முழுக்கச் சாப்பிட வேண்டும் என்றால், சாப்பிடுவதற்குக் காலம் அதிகம் மிஞ்சாது.

அடுத்த நாள் யோசனை சுவாமியறையில் கிடைத்தது. விபூதி! விபூதி என்பது என்ன? சாம்பல். சாம்பல் போட்டுத் தேய்த்தால் பித்தளைக் குத்துவிளக்குக்கே தோல் உரிகிறது. பிளாஸ்டிக் எந்த மூலைக்கு? அதோடு, விபூதி போடுகிறவனை எந்த மனுசி குறை சொல்ல முடியும்? சேர்ச் ரோட் முருகன் கோயில் விபூதி டப்பாவைத் திறந்து, சீடியின் மேல் அள்ளிக் கொட்டி, பெனியனால் வட்ட வட்டமாக உரஞ்சத் தொடங்கினார். அன்றைக்குப் பார்த்துச் சிவமலருக்கு லீவு.

"உதென்ன கோலம்?"

"திருநீறு போடுறன். விக்கல் எடுக்கிற பிள்ளைக்குப் போடுறேல்லையே?"

சிவமலர் கன்னத்தில் போட்டுக்கொண்டா. "முருகா! ஆனா உங்களுக்கு ஒண்டும் வடிவாத் தெரியாது. திருநீறு ஆரும் வட்டமாப் பூசுறதே? பொட்டுத்தான் வட்டம். திருநீறு நேர்கோடா இழுக்கோணும். நடுவில துடங்கி, விளிம்புக்கு, நேரா. அழுத்தாமல். கொஞ்சம் தண்ணி தொட்டுக் குழையுங்கோ."

"கோயில் ஐயர்மாரையே நீர் பழக்குவீர்."

"சாமி காரியம். பிழை விடக்கூடாது."

சாமி காரியம் என்றபிறகு என்ன செய்வது? மனுசி பக்கத்தில் கதிரை போட்டு இருந்துவிட்டா. யோகலிங்கத்தார் நடுவிலிருந்து விளிம்புக்கு, நேர்கோடாக, பயபக்தியோடு தேய்த்தார். சீடிக்கு அவ்வளவு விபூதி. அவருக்கு அவ்வளவு வியர்வை. கழுவித் துடைத்து, அவ குளிக்கப் போன நேரம் போட்டுப் பார்த்தார்.

"...எனது மனைவி சிவமலர் குசினிக்குள் காலடி எடுத்து வைக்கத் தே... தே... தே... தே..."

அவர் மறுபடியும் பாய்ந்து நிற்பாட்டினார். ஆனால் உடனே ஒரு ஒளியும் தெரிந்தது. 'தே' என்றால் என்ன? 'தேவையில்லை' என்றும் வரலாம், 'தேவை' என்றும் வரலாம். மனைவி குசினிக்குள் காலடி எடுத்து வைக்கத் தேவை! ஒரு நல்ல வக்கீல் கிடைத்தால் வழக்கைத் திருப்பிவிடலாம்.

இந்த இடத்தில் அவர் கையைக் கழுவிவிட்டுப் படுத்திருந்தால் இன்றைக்கும் சக்கரவர்த்தியாக இருந்திருப்பார். விதி யாரை விட்டது? விதி விட்டாலும் மேர்வின் யாரை விட்டார்?

"அண்ணை, 'தே'யில நிண்டா ஆபத்து. நாளைக்குப் பெட்டி சூடேறினா அடுத்த எழுத்தும் வரும். சீடியை விடுங்கோ. பெட்டியைப் பாருங்கோ. மூடியைத் திறந்தா நடுவில ஒரு சின்னக் கண்ணாடிக் கண் இருக்கும். அதாலதான் அது வாசிக்கிறது. அந்தக் கண்ணைக் குத்திப்போட்டா, உலகத்தில எந்தச் சீடியைப் போட்டாலும் முழிக்கும்."

"குத்தினா அடையாளம் தெரியுமே?"

"ஊசியாலயே குத்தச் சொன்னனான்? காது குடையிற பஞ்சுக் குச்சியால. கண்ணுக்குள்ள எரியிற சாமானா ஏதும் தோய்ச்சு."

எரியிற சாமானுக்கு அந்த வீட்டில் பஞ்சமில்லை. கொரோனா காலத்தில் சிவமலர் வாங்கிக் குவித்த சானிடைசர் இன்னும் படிக்குக் கீழே பெட்டியாகக் கிடந்தது. சனிக்கிழமை பின்னேரம் அவ நண்டு வாங்கப் போன நேரம், யோகலிங்கத்தார் பாட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்தார். தூசிக்குள்ளிருந்து அந்தச் சின்னக் கண் மங்கலாக அவரைப் பார்த்தது. மனது கொஞ்சம் இளகியது. பிறகு கொத்துரொட்டியை நினைத்துக்கொண்டார். பஞ்சை சானிடைசரில் தோய்த்து, கண்ணுக்குள் விட்டு, உருட்டி உருட்டி எடுத்தார். பஞ்சு கறுப்பாக வந்தது. கண்மணி கழன்று வந்துவிட்டது என்று சந்தோசப்பட்டு, இன்னொரு குச்சியாலும் குடைந்தார்.

போட்டுப் பார்க்கலாம் என்று கை வைக்க, வாசலில் திறப்புச் சத்தம். மூடியை மூடினார். பரவாயில்லை. கண் போன பெட்டியை யாராவது பரிசோதிப்பார்களா?

ஞாயிற்றுக்கிழமை மேர்வினும் மேரிறோஸும் வந்து பெல்லை அமத்தினார்கள். அது வழமைபோல அவர்கள் வீட்டிலேயே அடித்தது. பிறகு கதவைத் தட்டினார்கள். மேரிறோஸ் கையில் ரோல்ஸ் தட்டு. குசினி மேசையில் நண்டு, கழுவித் துண்டாக்கி, யாருக்காகவோ காத்துக்கொண்டிருந்தது.

"ஆர் சமைக்கிறதெண்டு இன்னும் தெரியாது," என்றா சிவமலர். "சீடி சொல்லும்."

யோகலிங்கத்தார் சோபாவில் காலுக்கு மேல் கால் போட்டிருந்தார். தோற்கப்போகிறவள்மேல் இரக்கம் காட்டுவது பெருந்தன்மை என்று நினைத்து, "மலர், இப்பவும் காலம் இருக்கு. விட்டிடும். எல்லாருக்கும் முன்னால வெக்கப்படாதையும்," என்றார்.

"பரவாயில்லை, போடுங்கோ."

அவரே எழும்பி, ஒரு மந்திரி அடிக்கல் நாட்டுவதுபோலச் சீடியை வைத்து, பட்டனை அமத்தினார்.

கரகரப்பே இல்லை. தேன் குரலில் ஒரு அறிவிப்பாளர் பெண்: "சரி, யோகலிங்கம் அண்ணா, உங்கள் மனைவிக்காக நீங்கள் என்ன செய்வீர்கள்?"

யோகலிங்கத்தாரின் மேல்கால் கீழே இறங்கியது.

"நான் ஓய்வு பெறும் நாள் தொடக்கம், எனது மனைவி சிவமலர் குசினிக்குள் காலடி எடுத்து வைக்கத் தேவையில்லை!"

மேர்வின் கண்ணை மூடினார். சீடி நிற்கவில்லை. இவ்வளவு காலம் வாய் கட்டப்பட்டிருந்த கோபத்தில் மேலும் கதைத்தது.

"விடியற்காலைத் தேநீர் தொடக்கம் இரவு இடியப்பம் வரை நானே சமைப்பேன். வீட்டுக்கு வருகின்ற விருந்தினருக்கும் நானே சமைப்பேன். பாத்திரங்களையும் நானே கழுவுவேன்!"

"உண்மையாகவா அண்ணா?"

"சேர்ச் ரோட் முருகன் மேல் சத்தியம்!"

கைதட்டல். ரைஸ் குக்கர் அறிவிப்பு. அதற்குப் பிறகு ஒரு நாதஸ்வரம், அதுவும் துள்ளாமல்.

"பாத்திரம் கழுவுறது எனக்கே ஞாபகமில்லை," என்றா சிவமலர். "திருத்தினது நல்லதாப் போச்சு."

மேரிறோஸ் மெல்லத் திரும்பித் தன் புருசனைப் பார்த்தா. "கேட்டுக்கொண்டிருக்கிறியளே?"

"எனக்கு இந்தக் காது கொஞ்சம் மந்தம்," என்றார் மேர்வின்.

யோகலிங்கத்தார் குசினிக்குள் போனார். தன் விபூதியால் தானே துலக்கிய சாட்சிக்கு எதிராக முருகனிடம் முறையிடவா முடியும்? ஆனால் இடப்பக்கச் சுவிச்சைப் போட்டதும் மூளைக்குள்ளும் ஒரு லைற் எரிந்தது. சமைப்பேன் என்றுதானே சத்தியம்? நல்லாச் சமைப்பேன் என்று எங்கே சொன்னார்? நாய் மோந்தும் பாராத கறி ஒன்று வைத்தால், மனுசி தானாகவே வந்து கரண்டியைப் பறிப்பா. உலகத்தில் எத்தனையோ ஆண்கள் இந்த ஒரே வழியால் தப்பியிருக்கிறார்கள்!

அடுப்பை மூட்டினார். சிவமலர் எதை எல்லாம் அளந்து அளந்து போடுவாவோ, அதை எல்லாம் அள்ளி அள்ளிப் போட்டார். டொக்டர் பயத்தில் அவ கண்ணில் காட்டாத கட்டித் தேங்காய்ப்பால், தகர ரின்னோடு கவிழ்த்தார். உள்ளிப்பூண்டு, முழுசு முழுசாக. மிளகு, பிடி பிடியாக. தூள், சட்டி சிவக்க. புளி, கை கூச. அதுவும் போதாதென்று பிரிட்ஜுக்குள் ஒரு பையில் கிடந்த முருங்கையிலையை, குப்பைக்குப் போக வேண்டிய ஏதோ கீரை என்று நினைத்து, கொட்டி மூடினார். இந்தக் கறியைத் தின்றவன் மறுபடி இந்த வாசல் மிதிக்கமாட்டான்.

மேசையில் வைத்தார். மூன்று தலைகளும் தட்டுக்குள் குனிந்தன. யோகலிங்கத்தார் மனதுக்குள் நன்றியுரைக்கு ஆயத்தமானார்.

மேர்வின் நிமிர்ந்தபோது கண்ணால் தண்ணி ஓடிக்கொண்டிருந்தது. "அண்ணை," என்றார், ஒரு நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சியபடி, "ஜேர்மனியில கூட நான் இப்பிடி ஒரு கறி தின்னேல்லை."

"முருங்கையிலை போட்டிருக்கிறார், பாருங்கோ!" என்றா மேரிறோஸ். "மிளகும் உள்ளியும் என்ன கணக்கா விழுந்திருக்கு! அக்கா, இந்தக் கைப்பக்குவத்தை இவ்வளவு நாளும் பஸ்ஸில வீணாக்கிப் போட்டார். சட்டியில இன்னும் கிடக்கே?"

சட்டி வழித்து முடிந்தபிறகுதான் மேரிறோஸுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. விரலை நக்கிக்கொண்டே கேட்டா.

"எண்டாலும் உங்களுக்கு நல்ல துணிச்சல் அக்கா. சீடியை இவரிட்டையே குடுத்துப்போட்டு இருந்தியளே! திருத்தாமல் பழுதாக்கியிருந்தா?"

சிவமலர் பாத்திரங்களை ஒவ்வொன்றாக அடுக்கி, யோகலிங்கத்தாரின் பக்கமாகத் தள்ளினா.

"மேரிறோஸ், பைப்பைத் திருத்த வெளிக்கிட்டார், வெள்ளம் வந்தது. பெல்லைத் திருத்தினார், உங்கட வீட்டில அடிக்குது. வேலியைத் திருத்தினார், படுத்திட்டுது. இவர் திருத்த நினைச்ச சாமான் ஒண்டும் இண்டைவரைக்கும் உருப்பட்டதில்லை. அதுதான், ஒருக்காப் பழுதாக்க நினைக்க விட்டுப் பாப்பமெண்டு குடுத்தனான்."

பிறகு புருசனைப் பார்த்து, அன்று முதல் தரமாக அன்போடு சிரித்தா.

"நாளைக்கு மீன் வாங்கி வாறன். அதையும் நல்லாப் பழுதாக்கிப் போடுங்கோ, என்ன?"